காய்ச்சலும் கணக்கும்

புதிதாக ஒரு தொற்று வியாதி எங்கேனும் தலைகாட்டிவிட்டால் ஜனங்கள் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறார்கள். "எவ்வளவு வேகமாகப் பரவும்?" என்பது ஒன்று, "வந்தால் பிழைப்போமா?" என்பது மற்றொன்று. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நம் வீட்டுத் திண்ணையிலும் இந்த விசாரணை நடந்தது. கொரோனாவினால் நோயாளிகளில் நூற்றுக்கு 3.4 பேர் இறந்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவர் அம்மாதம் 3-ந் தேதி அறிவித்திருந்தார். "நூற்றுக்கு மூன்று பேர்தானே ஸார்! இதற்கா இவ்வளவு அமர்க்களம்?" என்றார் அடுத்த வீட்டுப் பெரியவர். அதே பத்திரிகையை வாசித்த அவருடைய தர்மபத்தினியோ, "நூற்றுக்கு மூன்று பேரா!" என்று கலங்கிப் போனார். எண் ஒன்றுதான், தைரியமும் பயமும் அவரவர் கைச்சரக்கு. பல வருஷங்களாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வரும் நமக்கோ, அந்த மூன்று எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றியது.

இறந்தவர் தொகையை நோயுற்றவர் தொகையால் வகுக்கவேண்டியது. ஐந்தாம் வகுப்புப் பையனும் போட்டுவிடுவான். ஆனால் வியாதியின் ஆரம்ப நாட்களில் அவ்விரண்டு தொகைகளுமே பூர்த்தியாகாதவை. அதனால் விடை இரண்டு விதமாகவும் நம்மை ஏமாற்றக்கூடும்.

2003-ல் பரவிய சார்ஸ் என்னும் சுவாச நோயைப் பாருங்கள். முதல் வாரங்களில் நூற்றுக்கு 4 பேர் அளவிலேயே மரணம் என்று கணக்கிட்டார்கள். மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அதை 14 முதல் 15 வரை என்று திருத்திற்று. வியாதி நடுவில் கொடிதாகிவிட்டதோ? இல்லை. நூறு மாணவர் எழுதிய பரீட்சையில் நாற்பது தாள்களே திருத்தியாகி, அவற்றில் நால்வர் தவறியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "நூற்றுக்கு நால்வர்தான் தவறினார்கள்" என்று உபாத்தியாயர் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? திருத்தாத அறுபது தாள்களையும் அவர் தேறியவர் கணக்கில் அல்லவா சேர்த்துவிட்டார்! அதுபோலவே, படுக்கையில் கிடந்து முடிவு தெரியாதிருந்தவர்களை யெல்லாம் பிழைத்தவர்களாக எண்ணியதால் வந்த பிழை இது. எல்லாம் ஓய்ந்தபின் பார்த்தால் நோயுற்றவர் 8,096 பேர். மாண்டவர் 774 பேர். அதாவது நூற்றுக்கு 9.6.

2009-ல் மெக்ஸிகோவில் நேர்ந்தது இதற்கு நேர் விரோதம். ஏப்ரல் மாதத்தில் புதுவிதமான இன்புளுயென்ஸா கண்டு, கடும் நிமோனியாவுடன் இளைஞர்கள் ஆஸ்பத்திரிகளில் வந்து விழுந்தார்கள். தேசம் முழுவதும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பின்னால் ஆராய்ந்ததில், வீட்டிலேயே இரண்டு நாள் இருமிவிட்டு எழுந்தவர்கள் கணக்கிலேயே வரவில்லை என்பது தெரிந்தது. அவர்களையும் சேர்த்தால் மரணம் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பப்பட்ட பையன்களை மாத்திரம் பார்த்து, பள்ளிக்கூடம் முழுவதும் போக்கிரிகள் என்று தீர்மானித்த கதைதான்.

அப்படியானால் மெய்யை அறிவது எவ்வாறு? ஒருவர் விடாமல் எண்ணக்கூடிய இடம் ஒன்று அகப்படவேண்டும். 2020 பிப்ரவரியில் ஜப்பானிலுள்ள யோகஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட "டயமண்ட் பிரின்ஸஸ்" கப்பல் அத்தகைய இடமாயிற்று. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பரிசோதனை சமயத்தில் எவ்வித நோய்க்குறியும் இல்லை! ஊரிலாயிருந்தால் அவர்களை யார் எண்ணியிருப்பார்கள்? மரணம் நூற்றுக்கு இரண்டுக்குட்பட்டது. அதிலும் பிரயாணிகளில் வயோதிகர் மிகுதி. எல்லா வயதினரும் கலந்து வாழும் ஊரில் இந்த விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாயிருக்கும் என்று நிபுணர்கள் அப்பொழுதே மதிப்பிட்டார்கள்.

இதைக் கேட்டால் நமது பெரியவர், "பார்த்தீரா, நான் சொன்னேனே!" என்பார். இங்கேதான் முதற் கேள்வி குறுக்கிடுகிறது. நோயாளி ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுக்கிறார்? இரண்டு பேருக்கானால், பத்தாவது சுற்றில் மட்டும் 1,024 பேர். மூன்று பேருக்கானால் 59,049 பேர். ஒன்றுக்குக் கீழே இறங்கினாலோ, வியாதி தானே அவிந்துபோகும். சிறிய விகிதமானாலும் பெருந்தொகையோடு பெருக்கினால் விடை பெரிதாகத்தானே வரும்? கொரோனாவினால் மாண்டவர்களாக அரசாங்கங்கள் அறிவித்த தொகை மட்டுமே 70 லட்சத்துக்கு மேல்.

சார்ஸ் ஆரம்பத்தில் ஒருவரிடமிருந்து ஏறக்குறைய மூவருக்குப் பரவிற்று. அதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆயினும் 2003 ஜூலை 5-ந் தேதி, பரவுதல் நின்றுவிட்டதென்று அறிவிக்க முடிந்தது. பெரும்பாலும் நோயாளி படுக்கையில் விழுந்த பிறகே அது மற்றவரைப் பற்றியதால், நோயாளியைத் தனியே வைத்ததும், அவரோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்துக் கண்காணித்ததும் அந்த மூன்றை ஒன்றுக்குக் கீழே கொண்டுவந்தன. நோய்க்குறி தோன்றுமுன்பே பரவும் கொரோனாவுக்கு இந்த உபாயம் மட்டும் போதவில்லை. எத்தனை பேருக்குப் பரவும் என்பதோடு எப்பொழுது பரவும் என்பதையும் கணக்கிடவேண்டியிருப்பது இதனால்தான்.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை புது வியாதி ஒன்றைப்பற்றிப் பத்திரிகையில் ஓர் எண்ணைக் கண்டால், உடனே சிரிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். எண்ணப்பட்டவர்கள் யார், எண்ணப்படாதவர்கள் யார், இன்னும் படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். விடை வரும் வரையில் கையைக் கழுவிக்கொண்டு, இருமுகிறவர் வீட்டோடு இருந்துவிட்டால், கணக்கில் மூன்று என்றிருப்பதை இரண்டாக்குவதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. மரண விகிதத்தை மாற்றும் வல்லமை வைத்தியருக்கும் மருந்துக்கும் உரியதாயிருக்கலாம். பரவும் எண்ணோ பாதிக்குமேல் நம் கையில் இருக்கிறது.