எழுவாயை விழுங்கும் ஏடுகள்

சொல்லைக் கூர்வாள் என்பர். வாளுக்கேனும் உறை உண்டு. தலைப்புச் செய்திக்கு அதுவும் இல்லை! நாம் சிந்திக்கத் தொடங்குமுன்பே அது நமக்காகத் தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறது.

2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களிலும் நச்சுச் சாராயம் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உப்புப் பாத்திகள் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் அந்தக் கரையில் ஒப்பாரி ஓயுமுன்பே ஏடுகளில் போர் மூண்டது. சொற்போர்! ஆட்சியைச் சாட விரும்பியோர் ‘கள்ளச்சாராயம்’ என்றனர். காக்க விரும்பியோர் ‘விஷச்சாராயம்’ என்றனர். குடித்தது கள்ளச்சாராயமன்று, ஆலைகளுக்குரிய மெத்தனால் என்று காவல்துறைத் தலைமை விளக்கம் தந்தது.

இரு சொல்லிலும் உண்மை உண்டு. இரு சொல்லிலும் ஒளிப்பும் உண்டு. முதற்சொல், ஆலைச் சரக்கு எந்த வாயில் வழியே வெளியேறியது என்று கேட்க விடாது. மற்றச் சொல், அது சாராயமென்றே ஊருக்குள் விலைபோனதையும், தடுக்கக் கடமைப்பட்டோர் தவறியதையும் மறைக்கும். காவல் அதிகாரிகள் பணியிடை நீக்கம் பெற்றது எதனால்? வெறும் வேதியியலாலா?

மெத்தனாலுக்குக் கட்சி இல்லை. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாகிறது, கண் நரம்பைக் கெடுக்கிறது, உயிரைப் பறிக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அதே நஞ்சு அறுபதுக்கும் மேற்பட்டோரை வாரிச் சென்றது. அதன் பின்னரே தண்டனையைக் கடுமையாக்கும் சட்டத்திருத்தம் வந்தது. சொல்லுக்குச் செலவிட்ட சூட்டில் பாதியைச் செயலுக்குச் செலவிட்டிருந்தால்?

‘அன்று நடந்தது நம்மவர் ஆட்சி, நம் ஏடு சொன்ன சொல்லே நமக்குப் போதும்’ என்பாரும் நம்மிடையே உளர். அவர்களைக் கேட்கிறோம்: ஓலையில் வந்த புராணத்தை ஒதுக்கிய நாம், நாளேட்டில் வரும் புராணத்தை நம்பலாமோ?

2018 மே 22, தூத்துக்குடி. ‘துப்பாக்கிச் சூட்டில் பலி’ என்றன தலைப்புகள். சுட்டது யார்? துப்பாக்கி தானே எழுந்து சுட்டதா? எழுவாயை விழுங்கிய வாக்கியம், குற்றவாளியைத் தப்பவிட்ட வாக்கியம்!

இன்னொன்று, நெஞ்சைச் சுடுவது. குடித்து வீழ்ந்த ஏழையைக் ‘குடிமகன்’ என்றெழுதிச் சிரிக்கும் வழக்கம் ஏடுகளில் உண்டு. குடி என்பது மக்களைக் குறிக்கும் மாண்புமிகு சொல். 1925-இல் பெரியார் தம் ஏட்டுக்குச் சூட்டிய பெயரே ‘குடி அரசு’. அந்தச் சொல்லைச் சாராயக் குப்பிக்குள் அடைத்தது யார்? பிணத்தின்மீது நகைச்சுவை எழுதும் பேனா, யாருடைய பேனா?

தோழர்களே! படிப்பகம் தோறும் மாறுபட்ட கட்சிச் சார்புடைய இரண்டு நாளேடுகளை அருகருகே விரிப்போம். வினைச்சொல்லைக் கோடிடுவோம். எழுவாய் எங்கே என்று கேட்போம். எதிரியின் ஏட்டில் ஒரு முறை கேட்டால், நம் ஏட்டில் இரு முறை கேட்போம். பகுத்தறிவு பிறர் வீட்டுக் குப்பையைக் கூட்ட மட்டும் வாங்கிய துடைப்பமன்று!