தொட்டால் கேட்கும் மனசு

30 வயதுவரை பிரம்மசாரியாகவே இருந்தால் மந்திரவாதி ஆகிவிடலாம் என்பது ஜப்பானில் பழகிப்போன கேலி. யூ டொயோட்டாவின் ‘செர்ரி மேஜிக்’ என்ற மாங்கா படக்கதையில் அது நிஜமாகிறது. கூச்ச சுபாவமுள்ள ஆபீஸ் ஊழியர் அடாச்சிக்கு 30வது பிறந்த நாள் முதல், தொட்டவர் மனதில் ஓடுவதெல்லாம் கேட்கிறது. தற்செயலாக உரசிய சக ஊழியர் குரோசாவாவின் மனதிலோ அடாச்சி மீதான காதல்! வெளியே கம்பீரம், உள்ளே உளறல். சிரிப்பு அதில்தான், ஆணை ஆண் நேசிப்பதில் அல்ல.

அடுத்தவர் ஆசையை அறிய மந்திரம் போதும். தன் ஆசையைச் சொல்ல அடாச்சி வாய் திறந்தாக வேண்டும்.

2018இல் ட்விட்டரில் துவங்கிய கதை, 2020இல் டிவி தொடரானது. 2022இல் வந்த சினிமாவில் இருவரும் பெற்றோரிடம் உண்மையைச் சொல்லி, மணவிழாவும் நடத்துகிறார்கள். ஜப்பானியச் சட்டத்தில்தான் அதற்கு இடமில்லை.