நிரலை எங்கே சேமிப்பது?

2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி, 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் கற்றல் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. சாதனங்களை நிர்வகிக்கும் 'மொபைல் கார்டியன்' செயலிக்குள் யாரோ ஊடுருவியதே காரணம். கல்வி அமைச்சு அச்செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கியது. பாடக்குறிப்புகளைக் கிளவுடிலும் சேமித்திருந்தவர்களுக்கு மீட்க வழி இருந்தது. ஐபேடில் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இல்லை.

அப்படியானால் கிளவுட் போதுமா? ஐந்து வாரம் கழித்து, செப்டம்பர் 10ஆம் தேதி, லோயாங்கில் உள்ள ஒரு தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்தன. அங்கிருந்து இயங்கிய அலிபாபா கிளவுட் சேவைகள் தடைபட்டன. மேகம் என்று பெயர் வைத்தாலும் அது ஒரு கட்டடம்தான். மின்கலம் எரியும், வன்பொருள் நனையும்.

மென்பொருள் பயிலும் மாணவர்கள் என்னிடம் 'கிளவுடா, தம்ப் டிரைவா' என்று கேட்கும்போது, நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் நிரலை ஒரே சொடுக்கில் யாரால் அழிக்க முடியும்? கூகல் டிரைவுடன் ஒத்திசைக்கப்பட்ட கோப்பை மடிக்கணினியில் நீக்கினால் கிளவுடிலும் அது போய்விடும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவே. குழுவில் ஒருவர் கை தவறினாலும் இதே கதிதான். பட்டயப் படிப்பு முடிந்து கல்லூரிக் கணக்கு மூடப்படும் நாளையும் மறக்காதீர்கள்.

தம்ப் டிரைவுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. எம்ஆர்டி இருக்கையில் அது விழுந்தால் கதை முடிந்தது. 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று ஸிப் கோப்புகள் வாட்ஸ்அப்பில் சுற்றும் குழுக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நிரலாளர்களுக்கு இதற்கு நல்ல வழி 2005லேயே வந்துவிட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு எழுதிய 'கிட்', திட்டத்தின் முழு வரலாற்றையும் ஒவ்வொருவர் கணினியிலும் நகலெடுத்து வைக்கிறது. கிட்ஹப் ஒருநாள் முடங்கினாலும் உங்கள் மடிக்கணினியில் எல்லாம் இருக்கும். 'கிட் பண்டில்' என்ற கட்டளை அந்த வரலாற்றை ஒரே கோப்பாக்கித் தரும். இணையமே இல்லாமல் நண்பரிடம் கொடுக்கலாம். பலர் இதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்பது என் வருத்தம்.

என்னைக் கேட்டால், அன்றாட வேலைக்குக் கிளவுட். வாரம் ஒருமுறை வெளி வன்தட்டில் ஒரு நகல். எடுத்ததும் கம்பியைக் கழற்றிவிடுங்கள். இணைக்கப்படாத வன்தட்டை எந்த ஊடுருவியும் தொட முடியாது. தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சிம் லிம் ஸ்குவேரில் விலையை ஒப்பிட்டு வாங்கலாம். கடவுச்சொற்களையும் ஏபிஐ சாவிகளையும் மட்டும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள்.

அடுத்த ஒப்படைப்புக்கு இரண்டு வாரம் முன்பே, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து நிரலை ஓட்டிப் பாருங்கள்.