ஒன்பது ஃபேனும் திறக்காத ஜன்னலும்

அண்ணன் மகன் போன மாதம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினான். முன்னால் மூன்று, மேலே மூன்று, அடியில் இரண்டு, பின்னால் ஒன்று என்று ஒன்பது ஃபேன். அத்தனையிலும் வானவில் விளக்கு. கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் போட்ட மாதிரி இருந்தது. "கடைக்காரர் இன்னொண்ணு போடலாம்னுதான் சொன்னார் சித்தப்பா, இடம் இல்ல" என்று வருத்தப்பட்டான். இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம் கேம் ஆடினால் கிராபிக்ஸ் கார்டு 84 டிகிரியைத் தொடுகிறது. அதற்கு அவன் கண்டுபிடித்த வைத்தியம், பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைப்பது. ஆக மொத்தம் பத்து.

ஃபேன் கூடக்கூடச் சூடு குறையும் என்ற நம்பிக்கையால் விற்கிறவர்களுக்கு லாபம் என்பது தெரிந்ததுதான். நம் ஊரில் அது இத்தனை சுலபமாக ஒட்டிக்கொள்வதற்கு வேறு காரணம் உண்டு. வெயிலிலிருந்து வந்ததும் ஃபேன் சுவிட்சைத் தட்டிப் பழகிய கை நம்முடையது. ஆனால் சீலிங் ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. நம் வியர்வையை உலர்த்துகிறது, அதனால் நமக்குக் குளிர்கிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மே மாத மதியம் படுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிப்புக்கு வியர்க்காது. அதன் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு பெட்டியை விட்டு வெளியேற வேண்டும். உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் அது வெறும் சத்தம்.

எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிராசஸரும் கார்டும் சேர்ந்து 400 வாட் சூட்டைக் கக்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வந்த காற்று 10 டிகிரி மட்டும் கூடுதல் சூட்டோடு வெளியே போக வேண்டுமானால், நொடிக்குச் சுமார் 33 லிட்டர் காற்று போதும். ஃபேன் விற்கிற கணக்கில் நிமிடத்துக்கு 70 கன அடி. ஒரு 120 மி.மீ. ஃபேனின் அட்டைப்பெட்டியில் 50, 60 என்று போட்டிருப்பார்கள். அது முன்னும் பின்னும் தடையில்லாமல் அளந்த கணக்கு. வலையும் ஃபில்டரும் குறுக்கே வந்தால் பாதியாகக்கூட இறங்கலாம். இறங்கினாலும் முன்னால் மூன்று ஒழுங்காக இழுத்தால் வேலை முடிந்தது. அதற்கு மேல் காற்றை இரண்டு மடங்காக்கினால் அந்த 10 டிகிரி 5 ஆகும், நான்கு மடங்காக்கினால் இரண்டரை. அறையே 36 டிகிரியில் கொதிக்கும்போது, எத்தனை ஃபேன் மாட்டினாலும் பெட்டிக்குள் 36-க்குக் கீழே இறங்காது.

இங்கே குறைவது ஃபேன் அல்ல, வழி. சமையலறையில் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் தாளிப்புப் புகை போகிறதா? ஃபேன் என்னவோ கடகடவென்று ஓடும். ஜன்னலை ஒரு சாண் திறந்துவிடுங்கள், அதே ஃபேன் புகையை இழுத்துத் தள்ளும்.

பையனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி எடுத்துவந்தேன். பெட்டியின் முன்பக்கம் முழுக் கண்ணாடி. அதற்கும் ஃபேனுக்கும் நடுவே விரல் நுழையாத இடுக்குதான் காற்று வரும் வழி. அங்கே பிடித்தால் புகை அசையவே யோசித்தது. பின்னால், கார்டு மாட்டும் இடத்து ஓட்டைகளில் பிடித்தேன். சரேலென்று உள்ளே போயிற்று. அதற்கு ஒரு சாண் மேலேதான் பின்பக்க ஃபேன் சுடுகாற்றைத் துப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்று கம்ப்யூட்டர் டேபிளின் பின்பலகையில் முட்டி, திரும்பி, அதே ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. மேல்வரிசையில் முன்னால் இருந்த ஃபேனோ, அப்போதுதான் நுழைந்த கொஞ்ச நல்ல காற்றையும் பிராசஸர் பக்கம் போகவிடாமல் மேலே தூக்கி எறிந்துகொண்டிருந்தது. பந்தியில் உட்காரும் முன்பே இலையை எடுத்த கதை.

அடியில் இருந்த இரண்டுதான் உச்சம். ஃபேனின் அழகான முகம் காற்றை இழுக்கும் பக்கம். கம்பிச்சட்டம் தெரிகிற பக்கம் காற்றைத் தள்ளும். விளக்கு உள்ளிருந்து அழகாகத் தெரிய வேண்டுமென்று முகத்தை உள்பக்கம் பார்த்து மாட்டியிருந்தார்கள். கார்டுக்குக் காற்று ஊட்ட வேண்டியவை அதன் வாயிலிருந்து பிடுங்கிக் கீழே கொட்டின. அடைபட்டுக் கிடந்த மூன்று உள்ளே இழுக்க, ஆறு வெளியே தள்ள!

"சூடான காற்று மேலேதானே போகும், மேலே மூணு இருந்தா நல்லதுதானே?" என்றான். 45 செ.மீ. உயரப் பெட்டியில் 10 டிகிரி வித்தியாசத்துக்குச் சூட்டுக்காற்றின் தூக்குவிசை 0.2 பாஸ்கலைக்கூடத் தொடாது. சாதாரண ஃபேன் 15 பாஸ்கல் வரை அழுத்தும். புயலில் அகப்பட்ட பட்டத்துக்கு மேலே போக ஆசை இருந்தென்ன?

பொறியாளர்களுக்கு இது தெரியாததல்ல. 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற போர்டு, பெட்டி அமைப்பைக் கொண்டுவந்தபோது பவர் சப்ளை ஃபேன் காற்றை உள்ளே, பிராசஸர் மேல் ஊத வேண்டும் என்றுதான் முதலில் வகுத்தார்கள். பிறகு திசையே மாறியது. பென்டியம் 4 அடுப்பாக எரிந்த காலத்தில், 2004-ஐ ஒட்டி, பிடிஎக்ஸ் என்ற புது அமைப்பு வந்தது. அதில் ஃபேன்களைக் கூட்டவில்லை. முன்னால் நுழைந்த காற்று முதலில் பிராசஸர் மேல் பட்டு நேராகப் பின்னால் போகும்படி போர்டையே மாற்றி அடுக்கினார்கள். வாசலும் கொல்லையும் நேர்கோட்டில் இருக்கும் பழைய வீடு மாதிரி. சந்தையில் அது எடுபடவில்லை, 2006-இல் இன்டெல்லே கைவிட்டது. அது வேறு கதை.

பக்கக் கதவைக் கழற்றினால் சூடு குறைகிறதே என்பார்கள். குறையும். கழற்றினால் குறைகிறது என்றால் அந்தப் பெட்டிக்கு மூச்சு முட்டுகிறது என்றுதான் பொருள். திறந்தே வைத்தால் தூசி வரும், எங்கள் வீட்டில் பல்லியும் வரும்.

டேபிளின் பின்பலகையைக் கழற்றினேன். முன்கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொசுவலைத் துண்டு ஒன்றை இழுத்துக் கட்டினேன். அடியில் இரண்டு, மேலே முன்னால் இரண்டு, ஆக நான்கு ஃபேனுக்கு ஓய்வு. மூன்று உள்ளே, இரண்டு வெளியே. உள்ளே வருவது சற்றுக் கூடுதல் என்பதால் தூசி வலையைத் தாண்டித்தான் வர வேண்டும், இடுக்குகளில் புகாது. அன்று இரவு அதே கேம், அதே ஒரு மணி நேரம்: 75 டிகிரி.

பையனுக்குச் சந்தோஷம்தான், ஆனால் பெட்டியின் அடிப்பாகம் இருட்டாகிவிட்டதாம். அந்த இரண்டை மட்டுமாவது திரும்ப மாட்டச் சொல்கிறான். ஃபேனுக்கு ஒரு வயர், விளக்குக்கு ஒரு வயர் தனித்தனியாகத்தான் வருகிறது. விளக்கு வயரை மட்டும் செருகித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.