தங்கம் இருந்த இடம்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து மதுரைக்குப் புறப்படுகிறவர்களுக்கு வழக்கமாக மூன்று காரணங்கள் உண்டு: ஆஸ்பத்திரி, கோர்ட், மீனாட்சி. எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு நான்காவதாகத் தங்கம் தியேட்டரும் இருந்தது. சின்னமனூர், தேனி, உசிலம்பட்டி என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் குலுங்கிப் போய், இரண்டாம் ஆட்டம் பார்த்து, பேருந்து நிலையத்தில் துண்டை விரித்துப் படுத்து, விடியலில் ஊர் திரும்பியவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். பார்த்த படத்தின் கதையை அவர்கள் மறந்துவிட்டார்கள்; அரங்கின் அளவை மறக்கவில்லை.

அண்மையில் நாங்கள் நால்வர் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிக்குப் போய் அந்த இடத்தைப் பார்த்தோம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பல தளத் துணிக்கடை, குளிர்காற்று, நகரும் படிக்கட்டு. தங்கம் எங்கே இருந்தது என்று வாசலில் நின்ற இளைஞரிடம் கேட்டோம். அவர் நகைக்கடைக்கு வழி சொன்னார். அவர்மேல் குற்றமில்லை, சொல்லித் தந்திருக்க வேண்டியவர்கள் நாம்.

1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யுடன் திறக்கப்பட்ட அரங்கு அது. 2563 இருக்கைகள்; ஆசியாவிலேயே பெரியது என்று பெயர். சிவாஜி கணேசனின் முதல் படத்தைப் பற்றியும் மு. கருணாநிதியின் வசனத்தைப் பற்றியும் நாம் எழுதிக் குவித்த பக்கங்களுக்குக் கணக்கில்லை. அந்த வசனத்தை ஒரே நேரத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கேட்ட கூரையைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினோம்? கோயில் தூணில் மணல் வீச்சு நடந்தால் கண்டனக் கூட்டம் போடுகிறோம், சரிதான். தங்கம் இடிபட்டபோது நம் சிற்றிதழ்களில் எழுந்த குரல் எங்கள் காதுக்கு எட்டவில்லை.

'வியாபாரம் நொடித்தது, உரியவர் விற்றார், இதில் இலக்கியவாதிக்கு என்ன வேலை?' என்பார்கள். நொடித்தது உண்மை, தொலைக்காட்சியும் திருட்டு வி.சி.டி.யும் சேர்ந்து பெரிய அரங்குகளை உலுக்கிவிட்டன. விற்றவரோடு எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸும் தனியார் சொத்துதான். 1993இல் மூடப்பட்ட அது, பழுதுபார்க்கப்பட்டு 2016இல் மறுபடி திறந்தது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர்கள் அந்த நகரத்தில் இருந்தார்கள் என்பதே வித்தியாசம்.

'கொட்டகைதானே' என்ற ஏளனம்தான் எங்களை உறுத்துகிறது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கே, அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு என்று கார்த்திகேசு சிவத்தம்பி எழுதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த காலத்தில், தரை டிக்கெட் வாங்கியவன் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்றிருந்தது சிறிய காரியமா? காசும் ஒரு படிநிலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அதை உழைத்துச் சம்பாதிக்கலாம்.

இடித்ததைத் திரும்பக் கட்டச் சொல்லவில்லை. நினைவுக் கல்வெட்டும் வேண்டாம். அதற்கு மாலை போடுகிற கூட்டம் தனியாக வந்துசேரும். மதுரையிலும் கம்பம் பள்ளத்தாக்கின் டூரிங் டாக்கீஸ்களிலும் படம் ஓட்டியவர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், தட்டி எழுதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த நேர்காணலுக்கு மூத்த எழுத்தாளரைத் தேடிப் போகிற இதழாசிரியர், வழியில் இவர்களில் ஒருவர் வீட்டுத் திண்ணையிலும் ஒலிப்பதிவுக் கருவியை வைக்கட்டும். பலருக்கு எண்பது கடந்துவிட்டது.