பூவம் கரையில் எத்தனை அடி?

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் சென்ற 14 பேரையும் இழந்தோம். இயந்திரக் கோளாறில்லை, நாசவேலையில்லை என்றது முப்படை விசாரணைக் குழு. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியது. ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்கு மேல் எது, கீழ் எது என்ற உணர்வு பிசகியது. இதை மலைப் பாடமாக மட்டும் படிப்பதில் நமக்கு உடன்பாடில்லை; கடற்கரைச் சமவெளியில் வெள்ள நிவாரணத்துக்குப் பறப்பவருக்கும் இது பாடம்தான்.

நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 8,650 அடி. மலைப்பகுதியில் தடைக்கு மேல் விடவேண்டிய 2,000 அடி இடைவெளியைக் கூட்டினால் 10,650. மிரட்டும் எண் என்பதால் அங்கே பறப்பவர் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். காரைக்காலின் வடகோடியில் உள்ள பூவத்திலோ கிழக்கே கடல், மேற்கே வயல். மிக உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடி இருந்தால் போதும். சின்ன எண்தானே என்று எழுதிவைக்கத் தோன்றுவதில்லை. மேகம் இறங்கினால் நாமும் இறங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேறு. செல்போன் கோபுரங்களும் நாகூர் தர்காவின் 131 அடி மினாராவும் இதே சமவெளியில்தான் நிற்கின்றன.

காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டரும் இங்கே ஏய்க்கும். கார்த்திகையில் வங்கக் கடல் தாழ்வு மண்டலம் கரையை நெருங்க நெருங்க அழுத்தம் சரியும். தஞ்சாவூரில் 1008 ஹெக்டோபாஸ்கல் வைத்துக் கிளம்பியவர், கரையில் அது 1000 ஆகிவிட்டதைக் கேட்டு மாற்றாவிட்டால், முள் 500 அடி காட்டும்போது உண்மையில் சுமார் 280 அடியில்தான் இருப்பார். பயிற்சிக் காலத்திலேயே படித்த கணக்குதான். வெள்ள நிவாரண அவசரத்தில் அதை யார் நினைக்கிறார்கள்? தரையிலிருந்து உள்ள உயரத்தை நேரடியாக அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டரையும் சேர்த்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

மேகம் சூழ்ந்தால் செய்யவேண்டியது எல்லோருக்கும் மனப்பாடம்: கிடைநிலை, திசை, ஏறுவதற்கான சக்தி, வேகம், ரேடியோ அப்புறம். கூரைமேல் நின்று ஆளைத் தூக்கும் ஹெலிகாப்டருக்கு இதுவும் கடினம். அந்த மிகக் குறைந்த வேகத்தில் வேகமானியை நம்ப முடியாது. முதலில் முன்னோக்கி வேகம் எடுத்தாக வேண்டும். வெளியே இடைவெளி தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருப்பவர் அந்த வினாடிகளைத் தொலைக்கிறார்.

ஆகவே ஒரு கோரிக்கை. பறப்புக்கு முந்தைய படிவத்தில், பயணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பாதுகாப்பு உயரமும் ஏறவேண்டிய திசையும் எழுதப்படட்டும், பூவத்துக்குக் கிழக்கு. இரண்டில் ஒன்று காலியாக இருந்தாலும், மூத்தவர் எவரானாலும், இன்ஜினை இயக்க மறுக்கும் உரிமை துணை விமானிக்கு வேண்டும்.