கினோவாவும் ராஜ்கிராவும்

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது நம்மவர் பலருக்குக் கைவந்த கலை. அந்தக் கலை இன்று நம் விடுதி அறைகளிலும் குடிபுகுந்துவிட்டது. அங்கே அதன் பெயர் கினோவா!

கினோவா தாழ்ந்த பொருள் என்று சொல்ல நான் வரவில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்களைப் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்த உணவு அது. ஐக்கிய நாடுகள் சபை 2013ஆம் ஆண்டையே கினோவா ஆண்டாகக் கொண்டாடியது. நூறு கிராம் அரிசியில் புரதம் ஏறத்தாழ 8 கிராம். கினோவாவிலோ 13 முதல் 14 கிராம். அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் இதில் மிகுதி. மேல்தோலில் உள்ள சப்போனின் கசக்கும். ஆகவே நன்கு அலசி, ஒரு பங்குக்கு இரு பங்கு நீர் விட்டு வேகவைத்தால் உப்புமாவாகவும் தயிர்ச்சோறாகவும் நம் நாவுக்கு இசைந்துவிடும். நன்று. ஆனால், வீட்டிலிருந்து வரும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் மாணவன், அரிசியைப் போலப் பல மடங்கு விலையுள்ள ஒன்றுக்கு ஏன் ஏங்க வேண்டும்?

நண்பர்களே! ஏகாதசியன்று மராட்டியத் தோழர்கள் ராஜ்கிரா லட்டு உண்பதைக் கண்டு, "இதுவா உபவாசம்?" என்று நாம் நகைத்ததில்லையா? நானும் நகைத்தவன்தான். அந்த உருண்டைக்குள் இருப்பது என்ன? தண்டுக்கீரை இனத்தின் விதை! இன்றைய தாவரவியலார் அதனையும் கினோவாவையும் ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். நூறு கிராமில் புரதம் ஏறத்தாழ 13 கிராம். கால்சியம் 160 மில்லிகிராம் அளவு. லைசினும் நிறைய உண்டு. அவ்வினத்துக் கீரையைக் கடைந்து உண்ணும் நாம், விதையும் உணவாகும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. புனேயின் மளிகைக் கடைகளில் அது எளிதில் கிடைக்கிறது. நான் வாங்கும் கடையில் கினோவாவைவிட விலையும் குறைவு.

"நம் நாட்டுப் பொருள்" என்ற பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ராஜ்கிராவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்ததே. வந்த பயிரை மராட்டியர் விரதத் தட்டில் வைத்துத் தம்முடையதாக்கிக்கொண்டனர். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதில் ஒரு பாடம் இல்லையா? ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்கிறோம். அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று பார்த்தோமா? சேலத்து ஜவ்வரிசி இம்மக்களின் விரத நாள் கிச்சடியாகிறது. அதுவோ பெரும்பாலும் வெறும் மாவுச்சத்து. மாவைக் கொடுத்த நாம் புரதத்தைப் பெற்றுக்கொள்ளலாகாதா?

காலையில் ஒரு தேநீரைக் குடித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடிய காலம் எனக்கும் இருந்தது. இன்று, காய்ந்த வாணலியில் விதையைச் சிறிது சிறிதாக இட்டுப் பொரித்து, பாலும் வெல்லமும் கலந்து ஒரு கிண்ணம் உண்டு செல்கிறேன். கஞ்சியும் காய்ச்சலாம், மாவாக்கிப் பூரியும் சுடலாம். இது மருந்து அன்று. பருப்புக்கும் காய்கறிக்கும் மாற்றும் அன்று. பசித்த வயிற்றுக்கு நல்ல துணை, அவ்வளவே.

வரும் பொங்கல் விழாவில் நம் சங்கம் சர்க்கரைப் பொங்கலோடு ஒரு பானை ராஜ்கிராப் பாயசமும் வைக்கட்டும். அதன் பக்குவத்தைச் சொல்லித்தர மராட்டியத் தோழர்களையே அழைப்போம். நகைத்த வாய்கள் சுவைக்கட்டும்!